லாரி ஓட்ட வரும் புதியவருக்கு: லைசென்ஸிலிருந்து தனி நடை வரை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ் என்று ஊரே அதைச் சுற்றி இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே நல்ல டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சொல்கிறார்கள். வேலை இருக்கிறது, வேலை தெரிந்தவர்தான் குறைவு.

முன்பெல்லாம் கிளீனராக ஏறுவார்கள். டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவருக்குத் துணையாக ராத்திரி முழித்திருந்து, சில வருடம் கழித்துத்தான் ஸ்டியரிங் கைக்கு வரும். இப்போது கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகளே அதிகம். அந்தப் பாடம் முழுக்க விட்டுப்போய், கையில் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு பையன்கள் நேராகப் பன்னிரண்டு சக்கர வண்டியில் ஏறுகிறார்கள். விட்டுப்போன அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லைசென்ஸ்

வரிசை இதுதான். 18 வயதில் கார் லைசென்ஸ், அதாவது இலகு ரக வாகன உரிமம் எடுக்கலாம். அதைக் கையில் வைத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும். அப்புறம்தான் போக்குவரத்து வாகனத்துக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம் போட முடியும். நாம் ‘ஹெவி’ என்று சொல்வது இதைத்தான். விண்ணப்பம் சாரதி இணையதளத்தில். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்டப் போகலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019-ல் எடுத்துவிட்டது. படிக்கவில்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப் பலகையும் பில்லும் வாசிக்கிற அளவுக்கு எழுத்து தெரிந்தாக வேண்டும். வாசிக்கத் தெரியாத டிரைவரை வழியில் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அதை வெறும் கையெழுத்தாக நினைக்காதீர்கள். கண் டாக்டரிடம் தனியாகப் போய்ப் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் வெளிச்சத்தில் கண் கூசி, மீண்டும் பார்வை தெளிய நேரம் எடுக்கிறது என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தமும் அப்படியே.

டிரைவிங் ஸ்கூலில் சேரும்போது ஒன்றைக் கேளுங்கள்: “எந்த வண்டியில் சொல்லித் தருவீர்கள், எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும்?” பழைய ஆறு சக்கர வண்டியை மைதானத்தில் எட்டுப் போட வைத்து அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அங்கே கிடைப்பது லைசென்ஸ் மட்டுமே. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம் உண்டு. வகுப்பும் ஓட்டமும் சேர்த்த கணக்கு அது. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் தூரமானாலும், தங்கிப் படித்தாலும், இப்படிப்பட்ட இடத்துக்கே போங்கள்.

கையில் வந்த லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியான லைசென்ஸோடு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், இழப்பீட்டுச் சுமை முதலாளி தலையிலும் உங்கள் தலையிலும் விழும்.

ஹெவி வருவதற்குள் அந்த ஒரு வருடம்

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. ஆகவே 20 வயது முடிந்தவர்கள் குட்டி யானையிலோ பிக்-அப்பிலோ உள்ளூர் லோடு அடிக்கலாம். சந்துக்குள் பின்னால் எடுப்பது, லோடுமேன்களோடு பேசிப் பழகுவது, பில்லைப் பார்த்துச் சரக்கை எண்ணி வாங்குவது எல்லாம் இங்கேயே வந்துவிடும். பெரிய வண்டிக்குப் போகும்போது ஓட்டத்தில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

யார் வண்டியில் ஏறுவது

இந்தத் தொழிலில் புதியவர் எடுக்கும் பெரிய முடிவு இதுதான் என்பது என் எண்ணம். எவ்வளவு சம்பளம் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் யாரோடு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். டபுள் டிரைவர் போட்டு, பழைய டிரைவர் ஒருவரோடு உங்களை ஏற்றிவிடுகிற முதலாளி கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேருங்கள். “லைசென்ஸ் இருக்கிறதா? சரி, நாளைக்கே கிளம்பு” என்று சாவியைக் கையில் கொடுக்கிறவரிடம் போகாதீர்கள். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்காதவர் தன் வண்டியைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்படுகிறவராக இருக்க மாட்டார். அதன் பிரேக் லைனிங் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சேர்வதற்கு முன் வண்டியைச் சுற்றி வாருங்கள். டயரில் பட்டன் (தேயும் மேல் வரி) எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஸ்டெப்னி ஓடுகிற நிலையில் இருக்கிறதா, இரண்டு பக்கக் கண்ணாடியும் முழுசாக இருக்கிறதா, எஃப்.சி. (தகுதிச் சான்று) நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முதலாளியிடம் ஏற்கெனவே ஓட்டியவர்களை டீக்கடையில் விசாரியுங்கள். வண்டி வழியில் நின்றால் போன் எடுப்பாரா? விபத்து நடந்தால் ஸ்டேஷனுக்கு வருவாரா? இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் வந்தால் மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

வண்டியைப் பொறுத்தவரை ஆறு சக்கரத்தில் தொடங்கிப் பத்து, பன்னிரண்டு என்று ஏறுவதே நல்லது. டிரெய்லரும் டேங்கரும் பிறகு. டிரெய்லரில் முன்னால் உள்ள குதிரை (இழுக்கும் வண்டி) ஒரு பக்கமும் பின்னால் உள்ள தட்டு ஒரு பக்கமும் திரும்பும். ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் இரண்டும் மடங்கிக்கொள்ளும். டேங்கரில் பாதி நிரம்பிய திரவம் வளைவில் அலையடித்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். சாதாரண வண்டி கைக்கு அடங்கிய பிறகு கற்க வேண்டியவை இவை.

கிளப்புவதற்கு முன் பார்க்க வேண்டியது

காலையில் இன்ஜின் போடுவதற்கு முன் எண்ணெய், தண்ணீர், பிஎஸ்-6 வண்டி என்றால் ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்கும் திரவம்) அளவு பாருங்கள். டயர்களை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். காற்று இறங்கிய டயர் தட்டும்போது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். பின்னால் ஜோடியாக உள்ளதில் உள் டயர் இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு டயருக்கு நடுவில் கல் மாட்டியிருந்தால் தட்டி எடுங்கள். டயர் மாற்றி ஓட்டினால் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மீட்டரில் காற்று அழுத்தம் முழுசாக ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. காற்று குறைவு என்று பஸ்ஸர் அடித்துக்கொண்டிருக்கும்போதே நகர்த்துகிறவர்களைப் பார்த்து அது வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இறக்கம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதியவர்கள் உயிரை விடும் இடம் இது.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய் தமிழ்நாட்டு டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். நீளமான இறக்கம். பார்க்க நல்ல அகலமான சாலை. வண்டி தானாக ஓடுகிறது, டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் விடுவார்கள், இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். அங்கே நடந்த பல கொடூரமான விபத்துகளுக்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம்.

ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள். ஏர் பிரேக்குக்கு வேண்டிய காற்றை அடைப்பது கம்ப்ரஸர். கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினை அணைத்தால் புதிய காற்று வராது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் டேங்கில் இருப்பது குறைந்துகொண்டே போகும். பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது, கல்லாகக் கனக்கும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, மொத்தப் பாரத்தையும் லைனிங் மட்டும் தாங்கும். லைனிங் சூடேறச் சூடேறப் பிடிமானம் போய்விடும். கருகிய வாசனை வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எப்படி இறங்குவது? இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு, அதையே பின்பற்றலாம். புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். கால் பிரேக்கை மிதித்தபடியே வராமல், வேகம் ஏறும்போது அழுத்தமாக மிதித்துக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். கியர் மாற்றுவதை நடு இறக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் மீட்பது கஷ்டம்.

மலைப் பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் திம்பம் மலைப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. புலிகள் காப்பகம் என்பதால் 2022-லிருந்து அங்கே இரவு ஓட்டத்துக்கு நீதிமன்றக் கட்டுப்பாடும் இருக்கிறது. இப்படிப்பட்ட பாதைக்கு லோடு ஏற்றுவதற்கு முன்பே நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கும் எடையும்

சரக்கு ஏறும்போது கேபினில் படுத்துத் தூங்காதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். பாரம் பின்னால் அதிகமாக உட்கார்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வளைவில் சாயும். இரும்புச் சுருள் (காயில்), குழாய், மரம் இதெல்லாம் சங்கிலியும் முட்டுக்கட்டையும் கொடுத்துக் கட்ட வேண்டிய சரக்கு. அவசர பிரேக்கில் அவை நேராக கேபினுக்குத்தான் வரும். தார்ப்பாய் கட்டியதும் கிளம்பி, அரை மணி நேரம் ஓட்டியபின் நிறுத்திக் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். குலுங்கலில் சரக்கு அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும்.

எடைமேடைச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். 2018-ல் அச்சு எடை வரம்பை உயர்த்தினார்கள். ஆறு சக்கர வண்டிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை 18.5 ஆனது, பத்துச் சக்கரத்துக்கு 25 டன் 28.5 ஆனது. உங்கள் வண்டிக்கு ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடைதான் கணக்கு. அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. மிகுதியை இறக்கிய பிறகுதான் வண்டியை விடுவார்கள்.

“அபராதம் நான் கட்டிக்கொள்கிறேன், நீ ஓட்டு” என்பார் முதலாளி. பணத்தை அவர் கட்டலாம், லைசென்ஸ் உங்களுடையது. அதிக பாரம், அதிவேகம், சிகப்பு சிக்னல் தாண்டுவது, குடித்து ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்கு லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தால் படி யார் தருவார்கள்? ஆகவே அதிக பாரத்துக்கு ‘முடியாது’ என்று சொல்லப் பழகுங்கள். முதல் தடவை சொல்வதுதான் சிரமம்.

பேப்பர்

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட், புகைச் சான்று, வரி ரசீது. இவற்றை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினாலும் செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்துக்கு ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

சரக்குக்கு இன்வாய்ஸ், எல்.ஆர். (லாரி ரசீது), இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு). மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். பில்லை வாங்கியதும் மூன்றைப் பாருங்கள்: வண்டி எண் சரியா, இறக்கும் ஊர் சரியா, எத்தனை தேதி வரை செல்லும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். வண்டி பழுதாகி வழியில் நாள் கடந்தால், காலாவதி ஆவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வழி இருக்கிறது. உடனே புக்கிங் ஆபீஸுக்குப் போன் போடுங்கள். வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் பில்லில் வண்டி எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். ஓர் எழுத்து தப்பினாலும் வழியில் நிற்பது நீங்கள்தான்.

இறக்கிய இடத்தில் எல்.ஆர். நகலில் தேதி, கையெழுத்து, சீல் வாங்குங்கள். சரக்கில் குறைவோ சேதமோ இருந்தால் அங்கேயே எழுதச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். முதலாளிக்கு மீதி வாடகை அந்தக் காகிதத்தை வைத்துத்தான் வரும்.

கூலி பேசுவது

மாதச் சம்பளத்தோடு தினப்படி, அல்லது வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு, அல்லது கிலோமீட்டருக்கு இவ்வளவு. எதுவானாலும் கிளம்புவதற்கு முன்பே தெளிவாகப் பேசுங்கள். முக்கியமாக ஒன்று: இறக்க இடமில்லாமல் வாசலில் காத்துக்கிடக்கிற நாளுக்குப் படி உண்டா? பேசாமல் விடப்படுவது இதுதான், சண்டை வருவதும் இதில்தான். வழிச்செலவுக்கு வாங்கிய பணத்துக்கு ஒரு சின்ன நோட்டில் அன்றன்றே கணக்கு எழுதுங்கள். டீசல் பில், பஞ்சர், பார்க்கிங், ஏற்றுக்கூலி, எல்லாவற்றையும். டோலுக்கு ஃபாஸ்டாக்கில் போகும், குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள். கணக்குச் சுத்தமாக ஒப்படைக்கிற டிரைவரை எந்த முதலாளியும் விட மாட்டார்.

தூக்கம்

ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும் வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும். யாருக்கும் விதிவிலக்கு இல்லை. டீ, புகையிலை, சத்தமான பாட்டு எதுவும் தூக்கத்தை விரட்டாது, கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கண் திறந்தபடியே சில நொடி நினைவு போய்வரும். கடந்த ஊர் ஞாபகத்தில் இல்லை, வண்டி கோட்டை விட்டு விலகி ஓரத்துக்குப் போகிறது என்றால் அது நடந்துவிட்டது என்று பொருள். அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்திப் படுத்துவிடுங்கள். சாலை ஓரத்தில் நிறுத்த வேண்டாம். நின்ற லாரியின் பின்னால் மோதுவது நெடுஞ்சாலையில் வாடிக்கையான விபத்து.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. சாலையில் இது நடப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புதியவர் தனக்கென ஒரு வரம்பை முதல் நடையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். “காலை ஆறு மணிக்குள் வந்தாக வேண்டும்” என்று சொல்பவரிடம் “தூங்கிவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறேன்” என்று சொல்லுங்கள். சரக்கு மூன்று மணி நேரம் தாமதமானால் யாருக்கும் உயிர் போகாது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் ஆகியிருக்கிறது. அந்த வண்டி கிடைத்தால் பகல் தூக்கமாவது உருப்படியாகக் கிடைக்கும்.

விபத்து நடந்தால்

108-க்கு அழையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் போலீஸுக்குச் சொல்வதும் டிரைவரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அந்த இடத்தை விட்டு விலகலாம், சட்டமே அதை ஏற்கிறது. ஆனால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். ஓடி ஒளிந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் எடுபடாது.

கொஞ்ச வருடம் ஆன பிறகு

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை மூலம் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து நிவாரணம் கிடைக்கும். இதற்கு வருடம் காத்திருக்கவும் வேண்டாம், முதல் நடைக்கு முன்பே போடலாம்.

கேஸ், பெட்ரோல், ரசாயன டேங்கர் ஓட்ட ஆசைப்பட்டால் அபாயகரச் சரக்குக்கான மூன்று நாள் பயிற்சிச் சான்று வேண்டும், ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சரக்கின் அபாய அட்டை கேபினில் இருக்கிறதா, டேங்கரின் பலகையில் உள்ள எண் சரக்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

சொந்த வண்டி ஆசை எல்லோருக்கும் வரும். எங்கள் பக்கத்து முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் கிளீனராக ஏறியவர்கள்தான், ஆகவே அது வீண் கனவு இல்லை. ஆனால் முன்பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். திரும்பி வரும்போதும் லோடு கிடைக்கிற இரண்டு ரூட்டும், போன் செய்தால் லோடு தருகிற சில புக்கிங் ஆபீஸ்களும் முதலில் உங்களுக்கு அமைய வேண்டும். அதோடு, வண்டி பட்டறையில் நின்றாலும் மூன்று மாதத் தவணையும் இன்சூரன்ஸும் கட்டுகிற அளவுக்குப் பணம் தனியாக பாங்கில் கிடந்தால், அப்போது போய்ச் சேஸிஸ் விலை கேளுங்கள்.